ஜெய்தூன் பீவி கொடுத்ததும் கொடுக்காததும்

என்னைப் பெற்றவர் புஷ்பமேரி. நான் பிறந்த மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அது 1950, தை மாதம். என் அப்பா செபஸ்தியானுக்கு அப்போது இருபத்தாறு வயது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு ஒரு பச்சைக் குழந்தையைக் கையில் பிடிக்கத் தெரியவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் பசும்பாலில் வெந்நீர் கலந்து சங்கில் புகட்டிப் பார்த்தார்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஆறாம் நாள் எனக்கு அழக்கூடத் தெம்பில்லை என்று அப்பா சொல்வார்.

அன்று காலை அதே ஆஸ்பத்திரிக்கு பேகம்பூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பெயர் ஜெய்தூன் பீவி. இருபத்திரண்டு வயது. நான்கு நாளைக்கு முன்னால்தான் அவருடைய பெண் குழந்தை இருபத்து மூன்றாம் நாளில் இழுப்பு வந்து இறந்திருந்தது. பால் மட்டும் நிற்கவில்லை. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடச் சொல்லி நர்ஸிடம் கேட்க வந்திருந்தார். நர்ஸ் அமலராணிக்கு அவர் நிலைமையும் தெரியும், என் நிலைமையும் தெரியும். அவர் துணியை எடுக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஜெய்தூன் பீவியின் மடியில் வைத்துவிட்டு, "கட்டுறதா வேண்டாமான்னு செத்த நேரம் கழிச்சு முடிவு பண்ணலாம்" என்றாராம்.

வளர்ந்த பிறகு இந்தக் கதையை எங்கள் ஆட்கள் சொல்லிக் கேட்கும்போது ஜெய்தூன் பீவி ஏதோ புனிதையைப் போல வருவார். அவரிடமே ஒருமுறை அப்படிச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஒன்னப் பாத்து எரக்கப்பட்டுக் கொடுத்தேன்னு நெனச்சுக்கிறாதலே. மாரு கல்லாட்டம் கட்டிப்போயி உசுரு போற வலி. எந்தப் பிள்ளை குடிச்சாலும் சரி, வலி நின்னாப் போதும்னு இருந்துச்சு. மொத நாளு நான் ஒன் மூஞ்சியக்கூடப் பாக்கல. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாம் நாளுதான் குனிஞ்சு பாத்தேன்."

அவருடைய கணவர் கிதர் முகம்மது தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்தார். ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் நின்று நின்று முழங்கை வரை பழுப்பேறிய கை. அதிகம் பேசாதவர். சாயங்காலம் மனைவியைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். மனைவி மடியில் யாரோ ஒரு பிள்ளை. நர்ஸ் விவரம் சொன்னதும், "பேரு வச்சாச்சா?" என்று மட்டும் கேட்டாராம். வைக்கவில்லை என்றதும், என் அப்பாவைப் பார்த்து, "வீடு ரொம்பத் தூரமில்ல வாத்தியாரே. தெனம் வந்து பாத்துக்கங்க" என்றார்.

அப்படித்தான் நான் பேகம்பூருக்குப் போனேன். பத்து மாதம் அங்கே இருந்தேன். ராயப்பராஜ் என்று எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெய்தூன் பீவிதான் என்னைக் கோவில் வாசல் வரை தூக்கி வந்தார். சடங்கு முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தார். பிள்ளைக்குப் பசி வந்தால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவர் தெருவிலும், செத்த பிள்ளையின் பாலை இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அப்பா தினமும் பள்ளி விட்டதும் நடந்து வந்து, என்னை ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுப் போவார்.

அந்த வீட்டில் ஒரு பையன் இருந்தான். அப்பாஸ். என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஜெய்தூன் பீவிக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை அவன்தான்.

அந்த வருடம் புரட்டாசியில், எனக்கு எட்டு மாதம் ஆனபோது, இன்னொரு அழைப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி நஜ்முன்னிசா என்ற பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தார். புருஷன் அப்துல் சுக்கூர் தோல் மண்டி வைத்திருந்தவர், வசதியான குடும்பம். பெண் குழந்தை பிறந்தது. தாஹிரா என்று பெயர். ஒரு வாரத்தில் நஜ்முன்னிசாவுக்கு மார்பில் கட்டி வந்து, காய்ச்சல் ஏறி, கட்டியைக் கீறும்படி ஆயிற்று. அவருடைய தாயார் ஒருநாள் காலையில் கொல்லை வழியாக ஜெய்தூன் பீவியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

அறைக்குள் நஜ்முன்னிசா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து ஜெய்தூன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மாமியாவுக்குத் தெரியக் கூடாது அக்கா. பால் கொடுக்க வக்கில்லாதவன்னு சொல்லி என்னைய இங்கனயே விட்டுருவாக. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஒங்க வீட்டுக்காரருகிட்டகூட."

"சரி."

அரிசி இடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இடுப்பில் என்னையும் கையில் அப்பாஸையும் பிடித்துக்கொண்டு, தினமும் மூன்று நான்கு தடவை போய் வந்தார். நஜ்முன்னிசாவுக்குச் சரியானதும் நிறுத்திக்கொண்டார். நாற்பது நாள் கழித்து நஜ்முன்னிசா புருஷன் வீட்டுக்குப் போனார். விஷயம் அத்தோடு முடிந்தது.

கார்த்திகையில் என் அப்பா மறுமணம் செய்துகொண்டார். ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம், அல்போன்சா என்று பெயர். எனக்கு நல்ல தாயாகவே இருந்தார். அவரும் அப்பாவும் என்னை அழைத்துப்போக வந்தபோது ஜெய்தூன் பீவி என்னைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டு அல்போன்சாவின் கையில் கொடுத்தார். "ராத்திரி ஒருக்கா முழிப்பான். வயித்துல தட்டினா தூங்கிருவான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் மறுபடியும் அந்த வலி இருந்தது என்றும், இந்தமுறை அவரே துணியால் கட்டிக்கொண்டார் என்றும் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை.

நான் பேகம்பூருக்குப் போவதை நிறுத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அங்கேதான். அவரை ஜெய்தூனம்மா என்று கூப்பிடுவேன். அப்பாஸை அண்ணே என்பேன். ஆனால் பழக்கமெல்லாம் அவன் இவன் என்றுதான்.

ஜெய்தூனம்மாவைக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒரு காரியம் நடக்காது. கல்யாண வீட்டில் மாவு இடிக்க, பிள்ளை பெற்ற வீட்டில் துணி அலச, பெண்கள் யாராவது இறந்தால் மையத்தைக் குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் அவர்தான். சோறு தட்டில் போட்டபடி இருக்கும், கூப்பிட ஆள் வந்து நிற்கும், எழுந்து போய்விடுவார். கிதர் முகம்மது அந்தத் தட்டை எடுத்து மூடி வைப்பார். ஒருநாள் நான் இருக்கும்போது அவர், "ஒரு நாளாவது 'இன்னைக்கு ஏலாது'ன்னு சொல்லேன்" என்றார். ஜெய்தூனம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பல வருடம் கழித்து, எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அதைப் பற்றி அவரே சொன்னார்.

"நல்ல மனசு, நல்ல மனசுன்னு ஊருல சொன்னாக. நானும் அப்படித்தான் போலன்னு இருந்தேன். மனசுமில்ல ஒண்ணுமில்ல. பயம். எம் பிள்ளை செத்ததுல வந்த பயம். இல்லன்னு சொன்னா இருக்கிறதும் போயிருமோன்னு. அப்பாஸுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான் ஒவ்வொருத்தரு வீட்டுக்கும் ஓடினேன். அது எனக்கே அப்பத் தெரியாது."

அப்பாஸ் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அப்துல் சுக்கூரின் மண்டியிலேயே எழுத்து வேலைக்குச் சேர்ந்தான். நிதானமானவன். தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லுவான். முதலாளி இரண்டே வருடத்தில் வெளியூர்க் கொள்முதலுக்கும் அவனை அனுப்ப ஆரம்பித்தார். மண்டியை ஒட்டித்தான் அவர்கள் வீடு. தாஹிராவை அவன் எத்தனை தடவை பார்த்திருப்பான், என்ன பேசியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் பேசியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் குரல் மாறும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

1968 ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து அப்துல் சுக்கூர் நேராகக் கிதர் முகம்மதின் வீட்டுக்கு வந்தார். தோல் ஷாப் தொழிலாளி வீட்டுக்கு மண்டி முதலாளி வருவது சாதாரணமில்லை. கிதர் முகம்மது இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சுத்தி வளைக்கல பாய்" என்றார் அப்துல் சுக்கூர். "எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. அப்பாஸைப் போல ஒருத்தன் கிடைப்பான்னு தேடிக்கிட்டிருந்தேன். அவனே இருக்கையில எதுக்குத் தேடணும்? தாஹிராவை உங்க வீட்டுக்குக் கொடுக்கிறதுன்னு நினைச்சிருக்கேன்."

கிதர் முகம்மதுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்மதம் சொல்ல வாயெடுக்கும்போது உள்ளேயிருந்து ஜெய்தூனம்மாவின் குரல் வந்தது.

"யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுங்க."

அப்துல் சுக்கூர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெத்தவுக யோசிக்கணும்தான்" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போனதும் கிதர் முகம்மது, "யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். ஜெய்தூனம்மா, "ரெண்டு நாளு பொறுங்க" என்றார். அப்பாஸ் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிட்டான்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில், திரை போட்ட ஜட்கா ஒன்று வாசலில் நின்றது. நஜ்முன்னிசா இறங்கி உள்ளே வந்தார். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. பாயில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"யாருகிட்டயாவது சொல்லிட்டீகளா அக்கா?"

"இல்ல."

"அப்பச் சரி. எங்க அம்மாவும் மௌத்தாயிட்டாக. ஒங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நாம வாயத் தொறக்காட்டி ஒண்ணுமே இல்ல."

"ரெண்டும் எம் பால் குடிச்சதுக, நஜ்மு. மார்க்கத்துல பால்குடி உறவு. அண்ணன் தங்கச்சி. நிக்காஹ் ஆகாது."

"ஏதோ நாலு நாளு கொடுத்தீக."

"ஒம்பது நாளு. நாலு நாளுன்னாலும் கணக்கு ஒண்ணுதான். ஒனக்கும் தெரியும்."

நஜ்முன்னிசா அழுதார். இப்போது சொன்னால், இத்தனை வருடம் ஏன் மறைத்தாய் என்று புருஷன் கேட்பார், தன்னை இனி எதிலும் நம்ப மாட்டார் என்றார். தாஹிராவுக்கும் மனசில் அவன்தான் என்றார். "ஒங்க மவனுக்கு நல்லதுதானே இது? எனக்காக இல்லாட்டியும் அவனுக்காக" என்றார்.

ஜெய்தூனம்மா சொன்னார்:

"அன்னைக்குப் பால் கேட்ட, கொடுத்தேன். வெளிய சொல்லாதன்ன, பதினெட்டு வருசம் சொல்லல. எம் புருசன்கிட்டகூடச் சொல்லல. இதை என்னால தர ஏலாது."

அவர் வாழ்க்கையில் முகத்துக்கு நேராக ஒருவருக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தன் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பழைய பயம் எழுந்து வந்தது, இருந்தாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை என்றார்.

"மூணு நாளு பொறுப்பேன். நீயே ஒங்க வீட்டுல சொல்லிரு. நீ சொன்னா ஒனக்கு மரியாதை. நான் சொன்னாக் காட்டிக் கொடுத்தாப்புல ஆயிரும்."

நஜ்முன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். மூன்று நாளில் அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கமிருந்து, நல்ல நாள் பார்க்கலாமா என்று ஆள் அனுப்பினார் அப்துல் சுக்கூர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த புருஷனையும் மகனையும் உட்காரவைத்து ஜெய்தூனம்மா சொன்னார். சோறு பரிமாறுவதற்கு முன்னாலேயே சொன்னார். சாப்பிட்ட பிறகு சொன்னால் ஏமாற்றுவதுபோல இருக்கும் என்று பட்டதாம்.

கிதர் முகம்மது கேட்ட முதல் கேள்வி கல்யாணத்தைப் பற்றியதல்ல. "இம்புட்டு வருசமா என்கிட்டயுமா சொல்லல?" என்றார். அவருக்கு அதுதான் வலித்தது.

"வாக்குக் கொடுத்திருந்தேன்" என்றார் ஜெய்தூனம்மா.

அப்பாஸ் எழுந்து வெளியே போய்விட்டான். நேராக மேட்டுப்பட்டிக்கு வந்தான். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒனக்குக் கொடுத்துச்சு, சரி. ஒனக்கு அம்மா இல்ல. அவளுக்குத்தான் அம்மா இருந்தாகள்ல? எங்கம்மா எதுக்கு ஓடணும்? ஊருல வேற யாருமே இல்லையா?"

செத்துப்போன அவன் தங்கைக்கு உரிய பாலில் வளர்ந்தவன் நான். என்னிடம் வந்து இதைக் கேட்கிறானே என்று இருந்தது. "அம்மா ஏதும் ஞாபகப் பிசகாச் சொல்றாகளோ" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"இல்லடா. எனக்கே ஞாபகம் இருக்கு. அந்த வீட்டுக் கொல்லையில ஒரு கல்லு மேல என்னைய உக்கார வச்சு, கையில பொரிகடலை கொடுப்பாக. தின்னு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதும்பாக. எதுக்கு அங்க போனோம்னு இத்தனை நாளா நான் யோசிச்சதே இல்ல."

அதைச் சொன்னபோதுதான் அவன் உட்கார்ந்தான்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு, அப்துல் சுக்கூர் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் கூடினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத், ஜமாத்தில் இரண்டு பேர், கிதர் முகம்மது. திரைக்குப் பின்னால் பெண்கள். அங்கே நடந்ததைக் கிதர் முகம்மது எனக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஜெய்தூனம்மா திரைக்குப் பின்னால் இருந்து நடந்ததைச் சொன்னார். எந்த மாதம், எந்த வீடு, என்ன காரணம், எத்தனை நாள். குரல் தெளிவாக இருந்தது. அப்துல் சுக்கூர் நம்பவில்லை. "அப்படி ஒண்ணு நடந்திருந்தா என் சம்சாரம் என்கிட்ட மறைச்சிருக்குமா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

ஹஜ்ரத் நிதானமானவர். "ஒரு அம்மா மட்டும் சொல்றதை வச்சு முடிக்கிற விசயமில்ல இது. பிள்ளையோட தாயாரும் சொல்லட்டும்" என்றார்.

திரைக்குப் பின்னால் சத்தமில்லை. கிதர் முகம்மதுக்கு அந்த நேரம் மிக நீளமாக இருந்ததாம். நஜ்முன்னிசா இல்லை என்று சொல்லிவிட்டால் தன் மனைவி இந்தத் தெருவில் பொய்க்காரியாகத்தான் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் நஜ்முன்னிசாவின் குரல் வந்தது.

"நடந்தது நெசந்தான். ஆனா ஒம்பது நாளில்ல. பதினோரு நாளு."

அவரே தொடர்ந்தார்.

"ஒம்பதாம் நாளே எனக்கு ஆறிருச்சு. பிள்ளை அவுககிட்டதான் வயிறு நெறையக் குடிச்சா. அதனால இன்னும் ரெண்டு நாளு வரச் சொன்னேன். அவுக மறந்திருப்பாக. நான் மறக்கல."

ஹஜ்ரத், "நிக்காஹுக்கு முந்தியே தெரிஞ்சதுக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அப்துல் சுக்கூர் தன் மனைவியோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார். நஜ்முன்னிசா பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் அப்பாஸை வேலையைவிட்டுப் போகச் சொல்லவும் இல்லை. அப்பாஸ்தான் அங்கே இருக்க முடியாது என்றான். வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஆடி மாதம் புறப்பட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் ஜெய்தூனம்மாவும் கிதர் முகம்மதும் போயிருந்தோம். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொன்னான்.

"ஊருல எல்லாருக்கும் கொடுத்த. எனக்குன்னு ஒண்ணு வந்தப்ப மட்டும் இல்லன்னுட்ட."

திரும்பி நடந்து வரும்போது நான் சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் தடுத்தார். "அவன் சொன்னது சரிதான். சரியா இருக்கிறதுனால நான் செஞ்சது தப்பாயிருமா? ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

பதின்மூன்று மாதம் அப்பாஸ் கடிதம் போடவில்லை. அங்கே வேலைக்குப் போய்வருகிறவர்கள் மூலம் நலம் என்று மட்டும் தெரியும்.

தாஹிராவுக்கு வத்தலக்குண்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் தன் தாயாருடன் ஜெய்தூனம்மா வீட்டுக்கு வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன். பால்குடிக் கணக்கில் நானும் அண்ணன்தான் என்பதால் அவள் என் முன்னால் ஒதுங்கவில்லை. அவ்வளவு நடந்ததில் ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

"மாமி, எங்க நன்னி கொல்லை வழியா வந்து கூப்பிட்டாகன்னு கொடுத்தீகளா, இல்ல ஒங்களுக்கே கொடுக்கணும்னு இருந்துச்சா?"

ஜெய்தூனம்மா யோசித்தார். அவர் பொய் சொல்லக்கூடும் என்று நான் நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒரு நல்ல வார்த்தை தேவைப்பட்டது.

"மொதல்ல கூப்பிட்டாகன்னுதான் வந்தேன். ஒரு மூணாம் நாளு, நாலாம் நாளுலருந்து பிடிச்சுப்போச்சு. நீ குடிக்கையில கால் கட்டைவிரல ஆட்டிக்கிட்டே இருப்ப. அதைப் பாக்கணும்னே சீக்கிரமா வருவேன்."

தாஹிரா தன் காலைப் பார்த்தாள். பிறகு நஜ்முன்னிசாவைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது தாஹிரா என்னிடம் அப்பாஸின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருடத்தில் ஜெய்தூனம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. கூப்பிட வருகிறவர்களிடம், "இன்னைக்கு முடியாது, நாளைக்கு வாரேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். தெருவில் முதலில் வித்தியாசமாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. மையத்துக் குளிப்பாட்டுவதற்கு மட்டும் எப்போதும் போனார். அது தனக்குத் தெரிந்த வேலை, அதில் பயமில்லை என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சிறிது நேரம் படுத்தார். ஒருநாள் நான் போனபோது கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கிதர் முகம்மது வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம், "தூங்குறா, பொறவு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை.

1969 ஆவணியில் அப்பாஸின் கடிதம் வந்தது. ஜெய்தூனம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன். நலம் விசாரித்திருந்தான். கூட வேலை பார்க்கிறவரின் தங்கையைப் பேசியிருப்பதாகவும், அத்தாவும் அம்மாவும் வந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தான். கீழே ஒரு வரி: "அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லவும். வாணியம்பாடியில் யாருக்காவது பால் கொடுத்ததுண்டா?"

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். ஜெய்தூனம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. கிதர் முகம்மதும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜெய்தூனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் திண்டுக்கல்லத் தாண்டுனதே இல்லன்னு எழுது" என்றார்.

அது பெரும்பாலும் உண்மை. நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பேகம்பூருக்கு வாழ்க்கைப்பட்டவர். அதற்கு வெளியே அவர் எந்த ஊரையும் பார்த்ததில்லை. மூன்று பேரும் வாணியம்பாடிக்குக் கிளம்பினோம். சேலம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட ஊரின் பெயரையெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். கிதர் முகம்மது தூங்கிவிட்டார். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் அப்பாஸ் நின்றிருந்தான். இளைத்திருந்தான். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். நடக்கும்போது அவன் அவருடைய நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தான்.

பெண்ணைப் பார்த்தோம், பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் நிக்காஹ் எளிமையாக முடிந்தது. அந்த வீட்டில் பாதி உருது பேசினார்கள். ஜெய்தூனம்மாவுக்கு அது புரியவில்லை. புரியாதபோதெல்லாம் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். மருமகள் சாயங்காலம் அவரைப் பாலாற்றுக்குக் கூட்டிப்போனாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. அகலமான மணல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் நடந்துவிட்டு வந்து, கால் சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. கிதர் முகம்மது பையைக் கட்டி வைத்துவிட்டு நின்றார். ஜெய்தூனம்மா கிளம்பவில்லை.

"நீங்க ராயப்பனோட போங்க. நான் ஒரு இருபது நாளு இருந்துட்டு வாரேன்."

"எதுக்கு? புதுசாக் கல்யாணமானவுக, அவுகளுக்கு ஏதும் ஒத்தாசை வேணுமா?"

"ஒத்தாசையெல்லாம் ஒண்ணும் வேணாமாம். எனக்கு இருக்கணும்போல இருக்கு."

கிதர் முகம்மது மகனைப் பார்த்தார். அப்பாஸ், "இருக்கட்டும் அத்தா" என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். திண்டுக்கல்லில் அந்த இருபது நாளும் கிதர் முகம்மது தானே சமைத்துச் சாப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது எனக்கும் சோறு போட்டார். வெஞ்சனத்தில் உப்புக் கூடியிருந்தது. இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.